சாயங்காலம் கால் இழுக்கிறது, மருந்தடித்தால் தலை வலிக்கிறது, ராத்திரி தூக்கமில்லை: தோட்டத்து அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி இதுதான். கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஐந்து ஏக்கர் தோட்டம். மூன்று ஏக்கர் தென்னை, மீதியில் தக்காளியும் காய்கறியும். அப்பாவுக்கு 57 வயது. மாசி பிறந்ததிலிருந்து சாயங்காலமானால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. பயிருக்குப் பூச்சிமருந்தடித்த அன்று தலைவலியும் குமட்டலும் வருகின்றன. ராத்திரி தூக்கமில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றாலே "எனக்கென்ன கேடு" என்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் என்ன செய்யலாம்?

முதலில் ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்து "உடம்புச் சூடு" என்று முடித்துவிடாதீர்கள். கால் இழுப்பது வெயிலும் உப்பும் சம்பந்தப்பட்டது. மருந்தடித்த அன்று வரும் தலைவலி வேறு. தூக்கமின்மையும் பேச்சுக் குறைவும் இன்னொன்று, அவசரம் அதில்தான் அதிகம். மூன்றுக்கும் வழி வெவ்வேறு. ஆனால் ஒரு விஷயம் மூன்றுக்கும் பொது: வேலைக்கு வெளியே தனியாகச் செய்யும் பராமரிப்பு விவசாயிக்கு ஒட்டாது. காலையில் அரை மணி யோகா, நடைப்பயிற்சி என்று சொன்னால் அவர் கேட்கமாட்டார், கேட்காததில் நியாயமும் உண்டு. நாள் முழுக்க நடக்கிறவர் அவர். மாற்ற வேண்டியது வேலை நேரத்தை, மருந்தடிக்கும் முறையை, மருந்து வைக்கும் இடத்தை.

வெயிலிலிருந்து தொடங்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் 30 கிலோமீட்டருக்கு மேல் திறந்துகிடக்கிறது. அதன் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காய்ந்த காற்றும், மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் வெயிலும் சேர்ந்து அடிக்கிற ஊர் உங்களுடையது. காய்ந்த காற்றில் வியர்வை சட்டையை நனைப்பதற்குள் ஆவியாகிவிடும். அதனால் "எனக்கு அவ்வளவு வேர்க்கவே இல்லை" என்று அவர் நம்புவார். உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

கோடையில் வெளிவேலைக்காரர்களுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு கொடுக்கச் சொல்லிக் கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. கூலியாளுக்கு அந்த விதியைப் பின்பற்றும் விவசாயி தனக்கு மட்டும் பின்பற்றுவதில்லை. ஆட்கள் சோற்றுக்கு உட்காரும்போதுதான் மோட்டார் ரூமுக்குப் போவார், வால்வு மாற்றுவார். அந்த மூன்று மணி நேரத்தை அவருக்கும் கட்டாயமாக்குங்கள். கொத்துவது, மண் அணைப்பது, மூட்டை தூக்குவது எல்லாம் காலை 10 மணிக்குள் முடியட்டும். தரம் பிரிப்பது, பெட்டி கட்டுவது, கணக்குப் பார்ப்பது போன்ற நிழல் வேலைகள் மத்தியானத்துக்கு இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் "நிறையக் குடிங்கப்பா" என்பது பயன்படாது. அளவு சொல்ல வேண்டும். வெயிலில் கடினமான வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி. மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தாகமெடுத்தாலும் மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரை ஒரேயடியாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும், அதிலும் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் வரும். பம்பு செட்டில் குடம் இருக்கிறது என்பது போதாது. இரண்டு லிட்டர் கேனில் தண்ணீர், அவர் எந்தப் பாத்தியில் நிற்கிறாரோ அந்த வரப்பின் தலைப்பில் இருக்க வேண்டும். நூறடி நடந்துபோய்க் குடிக்க வேண்டுமென்றால் "இந்தச் சால் முடியட்டும்" என்று தள்ளிப்போடுவார்.

உப்புக்கு நம் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது. காலையில் உப்புப் போட்ட நீராகாரம், 11 மணிக்கு உப்பும் இஞ்சியும் போட்ட மோர் (பாலக்காட்டில் சம்பாரம் என்று கேட்டால் கிடைப்பது), மத்தியானம் ஊறுகாயோடு பழைய சோறு. கால் இழுக்கும் அன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக் கூடாது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவரானால் உப்பைக் கூட்டும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில கொதிப்பு மாத்திரைகள் சிறுநீரை அதிகப்படுத்துபவை. கோடையில் அவற்றின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

தென்னந்தோப்புக்காரர்கள் எல்லாரும் நம்புவது இளநீரை. நல்லதுதான், ஆனால் கால் இழுப்புக்கு அது மட்டும் போதாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆக இளநீர் குடித்தாலும் உப்புப் போட்ட மோர் தேவை. சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு இளநீரின் பொட்டாசியமே ஆபத்தாகலாம்.

கால் பிடித்தால் உடனே நிழலில் உட்கார்ந்து, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கித் தசையை நீட்டி, உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். விட்டவுடன் மண்வெட்டியைத் தொடக் கூடாது, அன்றைக்குக் கடின வேலை வேண்டாம். ஒரு மணி நேரத்தில் விடாவிட்டாலோ இதய நோய் உள்ளவரானாலோ ஆஸ்பத்திரிதான். காய்ச்சலில் படுத்து எழுந்தவரோ, பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியவரோ முதல் நாளே முழு வேலை செய்யக் கூடாது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

போதிய தண்ணீர் குடிக்கிறாரா என்று வெளியூரிலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எடைக்கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு எடை, வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு எடை. ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பாக்கி. 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அன்று குடித்தது போதவில்லை. நான்கு நாள் பார்த்தாலே தன் அளவு அவருக்கே பிடிபடும். வயதானவருக்கு "தண்ணி குடி" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட இந்தக் கணக்கு நன்றாக ஏறும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலும் அதே அர்த்தம்.

இதோடு சேர்ந்தே பேச வேண்டியது வலி மாத்திரை. இடுப்பு வலிக்கு, கால் இழுப்புக்கு என்று மருந்துக்கடையில் இரண்டு டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது நம் பக்கம் சாதாரணம். தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயில், வறட்சி, வலி மாத்திரை மூன்றும் வருஷக்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும், பாதிக்கு மேல் போகும்வரை அறிகுறியே தெரியாது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்ற தென்னை, முந்திரிப் பகுதியில் சர்க்கரை நோயோ கொதிப்போ இல்லாத விவசாயிகளுக்கே சிறுநீரகம் செயலிழக்கிறது. காரணம் எது என்று ஆராய்ச்சி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நீங்கள் செய்யக்கூடியது எளிது: கோடைக்கு முன் ஒரு தடவை, கோடை முடிந்து ஒரு தடவை, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். வலிக்குத் தேவையென்றால் பாராசிட்டமால், அதுவும் அளவோடு.

வெயிலில் ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதிக்க நினைவு தப்பினாலோ அது உயிர் போகும் நிலை. ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா வைத்திருக்கக் கூடாது. மோட்டாரைப் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிப்போவது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது மருந்து. மருந்தடித்த அன்று மட்டும் தலைவலியும் குமட்டலும் வந்தால், அது வெயிலாகவும் இருக்கலாம், லேசான விஷ ஏற்றமாகவும் இருக்கலாம். அன்றைக்கு வாயில் எச்சில் ஊறுகிறதா, கண்ணில் நீர் வழிகிறதா, பார்வை மங்குகிறதா, வயிறு முறுக்கிப் பேதியாகிறதா, தசை தன்னால் துடிக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் வெயிலைக் குறை சொல்ல வேண்டாம். ஆர்கனோபாஸ்பேட் என்ற, நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து வகை உடம்பில் ஏறினால் வருபவை இவை.

மூக்கை மூடினால் போதும் என்பதுதான் பெரும்பாலோர் நினைப்பு. தோட்டத்தில் விஷம் அதிகம் நுழைவது தோல் வழியாக. துண்டு கட்டிய முகத்தைவிட, கசியும் டேங்கு நனைத்த முதுகும், இலையில் உரசும் தொடையும்தான் கவலைப்பட வேண்டிய இடங்கள். தொடை இடுக்குத் தோல் முன்கைத் தோலைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். வேட்டியோ லுங்கியோ கட்டி மருந்தடிப்பது அதனால்தான் ஆபத்து. 16 லிட்டர் பேட்டரி டேங்கை நிரப்பினால் மொத்தம் 20 கிலோவுக்கு மேல் முதுகில் ஏறும். மூடியின் வாசர் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் மருந்துத் தண்ணீர் முதுகில் சிந்தும். வாசர் சில்லறைக் காசு. பருவத்துக்கு ஒரு முறை மூடி வாசர், ஹோஸ் பிடிப்பு, கைப்பிடிக் கசிவு மூன்றையும் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

இருப்பதிலேயே ஆபத்தான நேரம் அடிக்கும் நேரம் அல்ல, கலக்கும் நேரம். பாட்டிலில் இருப்பது நீர்க்காத மருந்து. கலக்கும்போது துணி உள்வரி இல்லாத நைட்ரில் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முன்பக்கம் பிளாஸ்டிக் ஏப்ரன். உரச் சாக்கை வெட்டிக் கட்டினாலும் சரி. டேங்கில் பாதித் தண்ணீர், பிறகு அளந்த மருந்து, பிறகு மீதித் தண்ணீர். மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளக்க வேண்டும். கலக்கக் குச்சி. கையை விட்டுக் கலக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தக்காளிக்குக் கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக்கை கையுறைக்கு வெளியே, மேல்நோக்கி அடிக்கும்போது சட்டைக்கை கையுறைக்குள்ளே. வழியும் மருந்து உள்ளே போகாமலிருக்க இந்த முறை. கால்சட்டை எப்போதும் பூட்ஸுக்கு வெளியே. என்-95 முகமூடி தூளையும் துளியையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. நெடியுள்ள மருந்துக்குக் கரிப் பொதி வைத்த முகமூடிதான். இத்தனையும் போட்டுக்கொண்டு ஏப்ரல் வெயிலில் நிற்க முடியாது என்பது உண்மை. அதனால் மருந்தடிப்பு காலை 6 முதல் 9 வரை. கணவாய்க் காற்று ஏறிவிட்ட பிறகு அடித்தால் பாதி மருந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் மீதி அவர் மேலுக்கும். காற்று பக்கவாட்டில் வரும்படி நடந்து, அடித்த வரிசைக்குள் திரும்ப நுழையாமல் போக வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, பழைய டூத் பிரஷ் ஒன்று பையில் இருக்கட்டும். நடுவில் பீடி, வெற்றிலை, செல்போன் எதையும் தொடக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், துணி தனியாகத் துவையல். அந்தத் துணியைத் துவைப்பது அம்மாதான் என்றால் அவருக்கும் ஒரு ஜோடி கையுறை.

பாட்டில் லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் பார்க்கப் பழக்குங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. ஒரே பூச்சிக்கு நீலத்திலோ பச்சையிலோ மருந்து கிடைக்கும்போது சிவப்பை வாங்க எந்தக் காரணமும் இல்லை. கடைக்காரர் மூன்று நான்கு மருந்தைச் சேர்த்து அடிக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம். நச்சு கூடும், ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கவும் செய்யும்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். மோனோகுரோட்டோபாஸ், பாராகுவாட், போரேட், கார்போபியூரான் போன்றவற்றைக் கேரளம் 2011-லேயே தடை செய்துவிட்டது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் செய்த கொடுமைக்குப் பிறகு வந்த எச்சரிக்கை அது. எண்டோசல்பானை அதே 2011-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தியது. கேரளத்தில் கிடைக்காததை எல்லையில் வேலந்தாவளமோ கோபாலபுரமோ தாண்டித் தமிழ்நாட்டில் வாங்கிவரும் வழக்கம் இருக்கிறது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. இரண்டு மூன்று டீஸ்பூன் உள்ளே போனால் நல்ல ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் நுரையீரல் கெட்டு உயிர் போகலாம். அது வீட்டு எல்லைக்குள் வரவே கூடாது. களைக்கு இலைதழை மூடாக்கும் புல்வெட்டும் இயந்திரமும் போதும்.

தென்னையில் ஒரு நல்ல செய்தி. ஓலைச் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 2016-ல் பொள்ளாச்சியில்தான். அப்போதிலிருந்து பவர் ஸ்பிரேயரை வைத்து அண்ணாந்து மருந்தடிக்கிறார்கள், அத்தனையும் அடிக்கிறவர் தலையிலேயே இறங்குகிறது. வெள்ளை ஈக்குப் பூச்சிமருந்து வேண்டாம் என்பதே தென்னை ஆராய்ச்சியாளர்களின் பரிந்துரை. மருந்தடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி முதலில் செத்துப்போகும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு எட்டு, விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவது, இலையில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாக் கரைசல், இவை போதும். ஒட்டுண்ணிக்கு ஆழியாறில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். அப்பாவின் மருந்தடிப்பு வேலையில் பாதி இதிலேயே குறைந்துவிடும்.

விஷம் ஏறிவிட்டால்: துணியைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் போட்டு உடம்பு, தலைமுடி, நகம் எல்லாம் கழுவி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். மருந்துப் பாட்டில் கூடவே போக வேண்டும், டாக்டருக்கு அந்தப் பெயர்தான் முதல் தேவை. தெளிந்துவிட்டார் என்று மறுநாளே கையெழுத்துப் போட்டுக் கூட்டிவராதீர்கள். ஆர்கனோபாஸ்பேட்டில் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரென்று தளர்வது உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு உயிர் போவது அப்படித்தான்.

இனி மூன்றாவது. பேச்சு குறைந்தது என்று நீங்கள் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் கவலை அதில்தான் அதிகம்.

தூக்கம் கெட ஒரு நேரான காரணம் இருக்கலாம். ராத்திரி மும்முனை கரண்டுக்கும் முறைத்தண்ணிக்கும் எழுந்து போகிறவர் எப்படித் தூங்குவார்? செல்போனில் மோட்டார் போடும் ஸ்டார்ட்டரும், வாய்க்கால் முறை வரும் நாட்களில் மாற்றுக்கு ஒரு ஆளும் ஏற்பாடு செய்து பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து போதிய நேரம் படுத்தும் தூக்கம் வராமல், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, சாப்பாட்டில் நாட்டமில்லாமல், தோட்டத்தையே எட்டிப் பார்க்காமல் இருந்தால் அது களைப்பு இல்லை, மனச்சோர்வு நோய். நம் ஆண்களுக்கு அது அழுகையாக வராது. எரிச்சலாக வரும், கள்ளாக வரும், மௌனமாக வரும், முதுகுவலியாகவும் வரும். வாடல் நோய் வந்த தென்னையை வெட்டுகிறவருக்குப் போவது வருமானம் மட்டுமில்லை. முப்பது வருஷம் தண்ணீர் விட்டு வளர்த்த மரம் அது, நோய்க்கு மருந்தும் இல்லை. அந்தத் துக்கத்தை "வேற கன்னு வெச்சுக்கலாம்" என்று ஒரு வரியில் மூடாதீர்கள், பேசவிடுங்கள்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது", "எல்லாருக்கும் பாரமாயிட்டேன்" என்ற பேச்சு, பத்திரங்களைத் திடீரென்று எடுத்து ஒப்படைப்பது, மாட்டைக் கொடுத்துவிடுவது, பகையாளியிடம் போய் சமாதானம் பேசுவது போன்றவற்றைக் கண்டால் நேராகக் கேளுங்கள்: "அப்பா, உசுர விட்டரலாம்னு தோணுதுங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. உள்ளே வைத்துப் புழுங்குகிறவருக்குக் கேட்கப்படுவதே ஆறுதல். "ஆமா" என்றால் அன்று அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அதற்கு முன்பே, இந்த வாரமே, மருந்துப் பாட்டில்களை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். சாளையின் (தோட்டத்து வீட்டின்) அட்டத்திலும், அதாவது பரணிலும், கட்டிலுக்கடியிலும் இருப்பவை அத்தனையும். உயிரை விடும் எண்ணம் பலருக்கும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருக்கிறதா என்பதில்தான் உயிர் நிற்கிறது. இலங்கை கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1990-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. தடை செய்த பிறகு விளைச்சல் விழவில்லை. வீட்டளவில் செய்ய வேண்டியது: தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பது, மீதியை வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் வைப்பது, சாவி அவரிடம் இல்லாமல் பார்த்துக்கொள்வது. எலி மருந்துப் பசையும் இதில் சேரும். காலியான பாட்டிலை மூன்று தடவை கழுவி, கழுவிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிட வேண்டும்.

உள்ளே கடன் இருக்க வாய்ப்பு அதிகம். மொத்தம் எவ்வளவு என்று பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது, அவர் ஒருவர் நெஞ்சில்தான் இருக்கும். ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு அவரோடு உட்காருங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது கெடு. நகைக்கடன் ஏலத் தேதி எது என்று முதலில் பாருங்கள். கை வட்டி அதற்கடுத்து. கேரளத்தில் நிலம் உள்ளவரானால், 2006-ல் சட்டமியற்றி அமைத்த விவசாயக் கடன் நிவாரண ஆணையத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்களா, உங்கள் கடன் அதில் வருமா என்று கிருஷி பவனில் (ஊர் வேளாண் அலுவலகத்தில்) கேளுங்கள். கடன் அன்றே தீராது, ஆனால் ஒருவர் மட்டும் சுமக்கும் நிலை அன்றே தீரும்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திசா உதவி எண் 1056, தமிழ்நாட்டில் 104. மனநல மருந்து ஆரம்பித்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஐந்தாம் நாளே "ஒன்னும் கேக்கல" என்று நிறுத்திவிடுவார். தினமும் நிறையக் குடிக்கிறவரானால் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதற்கடுத்து புத்தி தடுமாற்றமும் வரக்கூடும். கேரளத்தில் விமுக்தி மையங்கள் இதற்கென்றே இருக்கின்றன.

மற்றவை சுருக்கமாக. தேங்காய் போட அவரே ஏறுகிறார் என்றால் நிறுத்திவிடுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் பயிற்சி கொடுத்த ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்காமல் பலகையில் கிடத்தித் தூக்க வேண்டும். சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்கும் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம், வாரம் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு. கேரள ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இலவசம், அவர்களிடம் கேட்டே தொடங்குங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் "வயலில் வேலை" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். டெட்டனஸ் ஊசி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனால் டார்ச்சும் முழங்கால் பூட்ஸும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அந்த உறுப்பை அசைக்காமல் ஆஸ்பத்திரி. கட்டுவிரியன் கடி வலிக்காது, விடியலில் வயிற்று வலியோடு இமை சரிந்தால் அதை நினையுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்பவரிடம் "செக்கப்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். "கால் இழுப்புக்கு உப்புச் சத்துப் பார்க்கணுமாம்" என்று அவர் ஒப்புக்கொள்ளும் குறையைப் பிடித்தே கூட்டிப் போங்கள். காய் கொண்டுபோகும் சந்தை நாளில் அப்படியே சுகாதார நிலையத்துக்கு ஒரு எட்டு. அங்கே ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் நான்கையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். ஆர்கனோபாஸ்பேட் மருந்து அடிக்கடி அடிப்பவர் என்று சொல்லி, கோலினெஸ்டரேஸ் (அந்த மருந்து ஏறினால் ரத்தத்தில் குறையும் நொதி) பரிசோதனை எங்கே செய்வார்கள் என்றும் கேளுங்கள். பருவம் தொடங்கும் முன் எடுத்த அளவு கையில் இருந்தால் பின்னால் குறைவதைக் கண்டுபிடிக்க முடியும்.

காப்பீட்டு அட்டைகள் இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி. உங்கள் அட்டைக்கு எந்த ஆஸ்பத்திரி பொருந்தும் என்று சாவகாசமாக இப்போதே விசாரித்து எழுதிவையுங்கள். ஆனால் விஷம், பாம்பு, நெஞ்சுவலி, வெயில் மயக்கம் என்றால் அட்டையைப் பார்க்காதீர்கள். பாலக்காட்டுச் சித்தூர் பக்கமோ பொள்ளாச்சி பக்கமோ, எது கிட்டவோ அங்கே போங்கள். 108-ஐ எல்லையில் நின்று கூப்பிடும்போது செல்போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறது என்று தெரியாது. எடுத்தவுடன் மாநிலம், ஊர், அருகில் உள்ள வாய்க்கால் பாலமோ பள்ளிக்கூடமோ, இந்த வரிசையில் சொல்ல அம்மாவுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்த விவரத்தோடு 108, 14416, இரண்டு பக்கத்து ஆஸ்பத்திரி எண்கள், அவர் சாப்பிடும் மாத்திரைப் பெயர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி, மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் ஒன்றும் வீட்டில் ஒன்றும் ஒட்டச் சொல்லுங்கள்.